பீடமே பெயரான ஊர்

அண்டோரா என்ற குட்டி நாட்டுக்கு அரசுத் தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரான்ஸ் ஜனாதிபதி. இன்னொருவர் ஒரு கத்தோலிக்க ஆயர். ஜனாதிபதி பாரீசில் இருக்கிறார், அது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆயர் எங்கே இருக்கிறார்? அண்டோராவில் இல்லை. எல்லையைத் தாண்டிச் சுமார் பத்து கிலோமீட்டர் தெற்கே, ஸ்பெயினின் கத்தலோனியாவில், ஏறக்குறைய 12,000 பேர் வாழும் ஒரு மலை ஊரில் இருக்கிறார். ஊரின் பெயர் லா செவு துர்ஜெல்.

பார்சலோனா பக்கமிருந்து அண்டோராவுக்குக் காரில் போகிறவர்கள் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். வரி குறைந்த கடைகளும் பனிச்சறுக்குச் சரிவுகளும் மேலே காத்திருப்பதால் பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்துவதில்லை. அண்டோராவின் வாசற்படி என்று மட்டுமே ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. இது வரலாற்றைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது போன்றது. அண்டோரா என்று ஒரு தனி நாடு இன்று இருப்பதற்குப் பெரிய காரணமே இந்தச் சின்ன ஊரும் அதிலிருந்த ஆயர்களும்தான்.

கத்தலான் மொழியில் 'செவு' என்றால் பீடம், இருக்கை. லத்தீனில் இருக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆயரின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். அதனால் கத்தலோனியாவில் பேராலயத்தையே 'செவு' என்று சொல்வார்கள். இந்த ஊரில் அந்தச் சொல் கோயிலோடு நிற்காமல் ஊருக்கே பெயராகிவிட்டது. 'உர்ஜெலின் பீடம்' என்பது முழுப்பெயரின் பொருள். பேச்சில் வெறும் 'லா செவு' என்றாலே போதும்.

ஊர் அமைந்திருக்கும் இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. பிரனீஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 690 மீட்டர் உயரத்தில், ஒரு அகன்ற பள்ளத்தாக்கு. கிழக்கே செர்தான்யா பக்கமிருந்து செக்ரே ஆறு வருகிறது. வடக்கே அண்டோராவிலிருந்து வலீரா ஆறு இறங்குகிறது. இரண்டும் ஊரை ஒட்டிச் சேர்கின்றன. தெற்கே 2,600 மீட்டருக்கு மேல் எழும்பும் காதி மலைத்தொடர் ஒரு மதில் மாதிரி நிற்கிறது. அப்புறம் செக்ரே ஒரு குறுகிய கணவாய் வழியாக நெரிந்து லெய்தா சமவெளிக்குப் போகிறது. சமவெளிக்காரன் மலைக்கு ஏற வேண்டுமா, மலைக்காரன் ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டுமா, இந்த முச்சந்தியைத் தவிர்ப்பது கடினம். சுற்றிலும் மலையாக இருக்கும் நாட்டில் தட்டையான, தண்ணீர் பாயும் நிலம் இவ்வளவு கிடைப்பதும் அபூர்வம். வழியும் வயலும் ஒரே இடத்தில் அமைந்ததுதான் ஊரின் முதல் அதிர்ஷ்டம்.

ஆதியில் ஊர் இருந்தது இங்கே அல்ல. பக்கத்துக் குன்றின் மேல் காஸ்தெல்சியுதாத் என்ற சிற்றூர் இருக்கிறது. 'கோட்டை', 'நகரம்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர் அது. இன்று கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய சில தெருக்கள்தான், ஆனாலும் 'நகரம்' என்ற சொல் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள் பாதுகாப்புக்காக மேலே வாழ்ந்த காலத்தின் மிச்சம் அது. பிற்பாடு கீழே சமவெளியில், ஆயரின் கோயிலைச் சுற்றி வீடுகள் சேர்ந்து புது ஊர் உருவானது. கோட்டையைச் சுற்றிப் பிறந்த ஊர்கள் ஐரோப்பாவில் ஏராளம். இது ஒரு நாற்காலியைச் சுற்றிப் பிறந்த ஊர்.

அந்த நாற்காலி மிகவும் பழையது. 6ஆம் நூற்றாண்டிலேயே, விசிகோத் அரசர்கள் ஆண்ட காலத்தில், புனித யூஸ்துஸ் என்ற ஆயர் இங்கே இருந்தார். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபெலிக்ஸ் என்ற ஆயர் இந்த மலை ஊரின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார். ஏசு மனிதர் என்ற நிலையில் கடவுளின் தத்துப்பிள்ளை என்பது அவர் போதனை. அன்றைக்கு ஸ்பெயினின் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. உர்ஜெலோ பிராங்கு அரசன் சார்லமேனின் கைக்குள் வந்திருந்தது. தன் எல்லைக்குள் இருக்கும் ஒரு ஆயர், எல்லைக்கு அப்பால் இருக்கும் தொலேதோ பேராயரோடு சேர்ந்து இப்படிப் போதிப்பதை சார்லமேன் சும்மா விடவில்லை. 792இல் ரேகன்ஸ்பர்க், 794இல் பிராங்ஃபர்ட், 799இல் ஆகன் என்று சபைக்கு மேல் சபை கூடியது. ஆகனில் அக்காலத்தின் பெரிய அறிஞர் ஆல்குயினே நேருக்கு நேர் வாதாடினார். ஃபெலிக்ஸ் பணிந்தார். ஊர் திரும்ப அவரை விடவில்லை. 818இல் லியோன் நகரில் இறந்தார். இறையியல் வாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உர்ஜெல் எந்த உலகத்தைச் சேர்ந்தது, தெற்கையா வடக்கையா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் இது. அதன்பின் இந்த மலைகளின் முகம் வடக்கு நோக்கியே இருந்தது.

ஊர்க்காரர்கள் மனதில் அதிகம் தங்கியவர் ஃபெலிக்ஸ் அல்ல, 1010 முதல் 1035 வரை ஆயராக இருந்த எர்மெங்கோல். போருக்கும் போயிருக்கிறார், ஜெபமும் செய்திருக்கிறார், ஆனால் அவரை நினைக்க வைப்பது பாலங்களும் பாதைகளும்தான். மலை ஊரில் ஒரு பாலம் என்பது பாதி உயிர். ஊருக்குக் கிழக்கே, செக்ரே ஆற்றின் மேல் பார் என்ற இடத்தில் பாலம் கட்டும் வேலையில் இருந்தபோது தவறி விழுந்து 1035இல் இறந்தார். பாலத்தில் வேலை செய்து செத்த ஆயரை மக்கள் புனிதராக்கிக் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் பெயரில் நடக்கும் சந்தைக்கு 11ஆம் நூற்றாண்டிலேயே ஆவணச் சான்று உண்டு. இப்போது அதோடு பிரனீஸ் முழுவதிலிருந்தும் சீஸ் கொண்டுவந்து குவிக்கும் திருவிழாவும் சேர்ந்துவிட்டது.

சரி, பேராலயத்துக்கு வருவோம். இப்போது நிற்கும் சாந்தா மரியா 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஓதோ என்ற ஆயர் காலத்தில், 1116 வாக்கில் வேலை தொடங்கியது. ஜிரோனா, பார்சலோனா போன்ற பணக்கார நகரங்கள் பின்னால் வந்த கோத்திக் பாணியில் தங்கள் பேராலயங்களைப் பெரிதாக மாற்றிக் கட்டிக்கொண்டன. லா செவுவுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. அதனால்தான் கத்தலோனியாவில் கோத்திக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியிலேயே அடி முதல் நுனி வரை நிற்கும் ஒரே பேராலயம் இது. அன்றைக்கு வசதி இல்லாமல் போனது இன்றைக்குச் சொத்து.

கட்டடத்தைவிட எனக்குப் பிடித்தது 1175இல் எழுதப்பட்ட ஒரு ஒப்பந்தம். ஆயர் ஒரு பக்கம், ராய்முண்டுஸ் லம்பார்டுஸ் என்ற மேஸ்திரி மறுபக்கம். 'லம்பார்டு' என்றால் லொம்பார்டிக்காரர். அந்த வட இத்தாலியப் பகுதியிலிருந்து வந்த கொத்தர்கள் அவ்வளவு பேர் பெற்றவர்கள் என்பதால், கல் வேலைக்காரர் என்பதற்கே அந்தச் சொல் வழங்கத் தொடங்கியிருந்தது. ஏழு ஆண்டுகளில் வளைவுக் கூரையை மூட வேண்டும், கோபுரங்களை எழுப்ப வேண்டும், கூட நான்கு லம்பார்டுகளை வைத்துக்கொள்ள வேண்டும், குளிர் வெயில் பாராமல் வேலை நடக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பதிலுக்கு, பேராலயக் குருக்களில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு மேஸ்திரிக்கு ஆயுள் முழுக்க உண்டு. 850 ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்தனாருக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த பேரம், நாள்கணக்கு ஆள்கணக்கோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. மத்தியகாலக் கோயில்களில் பெரும்பாலானவற்றைக் கட்டியவர் யார் என்றே தெரியாது. இங்கே அவர் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்பது வரை தெரிகிறது.

இத்தாலியக் கை மேற்கு முகப்பிலும் பின்புறத்திலும் நன்றாகத் தெரியும். பின்பக்க அரைவட்டச் சுவரின் உச்சியில் சின்னச் சின்னத் தூண்களோடு ஒரு நடைமாடம் ஓடும். வெயில் சாயும்போது அந்தத் தூண்களின் நிழல் சுவரில் வரிவரியாக விழும். ஆனால் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அந்தத் தூண்களின் போதிகைகளைச் செதுக்கியவர்கள் மலைக்கு அப்பால், ருசியோன் பக்கத்துப் பாணியைக் கற்றவர்கள். சிங்கங்கள், முழி பிதுங்கிய முகங்கள், உடம்பை வளைத்துக் கால் தூக்கி நிற்கும் வித்தைக்காரர்கள், வாய்க்குள் எதையோ விழுங்கும் மிருகங்கள். பளிங்கு இல்லை, கரடுமுரடான கருங்கல். உளி வழுக்கிப் போகாத கல்லில் நுணுக்கம் காட்டுவது பெரும்பாடு, அதனால் உருவங்கள் பருத்து, திரண்டு, ஒரு முரட்டு உயிரோடு இருக்கின்றன. நான்கு பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பக்கம் 1603இல் இடிந்து மாற்றப்பட்டுவிட்டது. மீதி மூன்றும் 13ஆம் நூற்றாண்டில் இருந்தபடியே.

பக்கத்திலேயே எர்மெங்கோல் காலத்தைச் சேர்ந்த சின்னக் கோயில் ஒன்று, புனித மிக்கேல் பெயரில். அதன் சுவரோவியம் இன்று பார்சலோனாவிலுள்ள கத்தலோனிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மலைக் கோயில்களிலிருந்து ஓவியங்கள் வெளிநாட்டுக்கு விற்றுப் போவதைத் தடுக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை உரித்தெடுத்து நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்றியது உண்மை. சுவர் வெறுமையானதும் உண்மை.

எல்லாவற்றையும் பறிகொடுக்கவில்லை. ஊரின் மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் 10ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த 'பேயாட்டுஸ்' கையெழுத்துப் பிரதி இருக்கிறது. விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்கு எழுதப்பட்ட விளக்கவுரை அது. மஞ்சளும் சிவப்பும் கொதிக்கும் பட்டைகளின் மேல் தேவதூதர்களும் பல தலை மிருகங்களும் வரையப்பட்ட பக்கங்கள். 1996 செப்டம்பரில் அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். சில மாதங்கள் கழித்து 1997 ஜனவரியில் போலீஸ் மீட்டது. ஆயிரம் ஆண்டு காத்த புத்தகம் ஒரே நாளில் போய், நல்லவேளையாகத் திரும்பி வந்தது.

இனி அண்டோரா விஷயம். இது கொஞ்சம் நீளம், ஆனால் பொறுமையாகக் கேட்கத் தகுந்தது.

உர்ஜெல் பகுதிக்குக் கோமகன்களும் உண்டு, ஆயர்களும் உண்டு. கோமகன்களின் கண் தெற்கே, முஸ்லிம்களிடமிருந்து பிடிக்கக்கூடிய செழிப்பான சமவெளியின் மேல் இருந்தது. அவர்கள் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து பலகேர் நகரில் நிலைகொண்டார்கள். மலைப் பள்ளத்தாக்குகளை ஆயருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அண்டோராவில் கோமகனுக்கு இருந்த உரிமைகள் 1133இல் ஆயர் கைக்கு வந்தன. உரிமை வந்தது, காக்கப் படை இல்லை. ஆயர் அதை உள்ளூர்ப் பிரபுக்களிடம் ஒப்படைத்தார். அந்தக் குடும்பத்துப் பெண் காஸ்தெல்போ பிரபு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். காஸ்தெல்போ வீட்டு எர்மெசெந்தா மலைக்கு வடக்கே இருந்த ஃபுவா கோமகனை மணந்தாள். இரண்டு கல்யாணங்களில், ஆயரின் காவல்காரர் இடத்தில் ஆயரைவிடப் பலசாலியான ஒரு எதிரி வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதைச் சுற்றி நடந்தது ஏறக்குறைய நூறு ஆண்டுச் சண்டை. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபுவாவும் காஸ்தெல்போவும் சேர்ந்து லா செவுவுக்குள் புகுந்து பேராலயத்தையே சூறையாடினார்கள். காஸ்தெல்போ வீட்டார் திருச்சபையின் போதனையை மறுத்த கத்தாரர்கள் என்ற குழுவினருக்கு ஆதரவானவர்கள் என்ற பேச்சும் இருந்தது. 1269இல் திருச்சபை விசாரணை மன்றம் அந்த எர்மெசெந்தாவையும் அவள் தந்தையையும் செத்த பிறகு குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, எலும்புகளைத் தோண்டியெடுத்து எரிக்கச் சொன்னது. பகை அந்த அளவுக்குப் போயிருந்தது.

கடைசியில் இரண்டு தரப்பும் களைத்துப்போய், அரகோன் அரசர் முன்னிலையில் 1278 செப்டம்பர் 8 அன்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஆயர் பெரே தூர்ட்ஸ், கோமகன் மூன்றாம் ரோஜர் பெர்னார்டு. 'பரியாட்ஜ்' என்று அதற்குப் பெயர், அதாவது சமபங்கு. அண்டோரா இருவருக்கும் பொது. நீதி வழங்கும் உரிமை பொது. வரி ஒரு வருடம் இவருக்கு, மறு வருடம் அவருக்கு. இதிலும் முழுச் சமம் இல்லை. ஆயர் முறை வரும் ஆண்டில் 4,000 சௌ (அக்கால நாணயம்) வரைதான் வாங்கலாம், கோமகன் முறையில் வரம்பே கிடையாது. பத்து ஆண்டு கழித்து 1288இல் இன்னொரு ஒப்பந்தம், இருவர் சம்மதமும் இல்லாமல் அங்கே யாரும் கோட்டை கட்டக் கூடாது என்று. மலையெங்கும் கோட்டை முளைத்த காலத்தில் அண்டோராவில் கோட்டை முளைக்காததன் காரணம் இந்த ஒரு நிபந்தனை.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. ஃபுவா கோமகனின் பட்டம் வாரிசுக்கு வாரிசு கைமாறி நவார் அரசர் ஹென்றியிடம் வந்தது. அவர் 1589இல் பிரான்சின் மன்னரானார். கோமகனின் பங்கு பிரெஞ்சு முடியோடு சேர்ந்தது. முடி போய்க் குடியரசு வந்ததும் ஜனாதிபதிக்குப் போனது. மறுபக்கம் எதுவும் மாறவில்லை. ஆயருக்குப் பிள்ளை இல்லை, கல்யாணம் இல்லை, சீதனம் இல்லை. ஒருவர் போனால் ரோம் இன்னொருவரை அனுப்புகிறது. வம்சம் இல்லாததே அந்தப் பங்கின் பலமானது. 1278இல் பலவீனமாக இருந்த தரப்பு அதே நாற்காலியில் இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே அண்டோராவை யாரும் தனியாக விழுங்க முடியாமல் போனதும் இதனால்தான்.

1934இல் ஒரு விசித்திரம் நடந்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்த போரிஸ் ஸ்கோசிரெஃப் என்பவர் தன்னை அண்டோராவின் மன்னர் என்று அறிவித்தார். உர்ஜெல் ஆயர் மேல் போர் என்றும் அறிவித்தார். ஸ்பெயின் காவல்படை ஜூலை மாதத்தில் அவரை லா செவுவிலேயே கைது செய்து பார்சலோனாவுக்குக் கொண்டுபோனது. 1993இல் அண்டோரா மக்கள் வாக்கெடுப்பில் அரசியலமைப்பை ஏற்றபோது இணை இளவரசர்கள் எனப்படும் இந்த இரண்டு தலைவர்களின் அதிகாரம் பெரும்பாலும் சடங்காகச் சுருங்கியது. அதுவரை ஆயருக்குச் செலுத்தப்பட்ட கப்பத்தில் பணத்தோடு பன்றித் தொடைக்கறியும் சீஸும் சேவல்களும் இருந்தன. ஆனால் சடங்கு மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. அண்டோராவில் கருக்கலைப்பு சட்டவிரோதமாகவே இருப்பதற்கும், அதை மாற்றும் பேச்சு ஒவ்வொரு முறையும் சிக்கலாவதற்கும், நாட்டின் தலைவர்களில் ஒருவர் கத்தோலிக்க ஆயர் என்பது நேரடிக் காரணம். அந்த நாட்டுப் பெண்கள் இதன் விலையைக் கொடுக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு ஒப்பந்தத்தின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பீடத்தின் ஊர் என்பதால் லா செவு பழமையின் பக்கம் நின்று அடி வாங்கிய காலமும் உண்டு. 1822இல் ஸ்பெயினில் தாராளவாதிகள் ஆட்சி நடத்தியபோது, மன்னரின் முழு அதிகாரத்தை மீட்கப் போவதாகச் சொல்லி இங்கே ஒரு எதிர் ஆட்சிக் குழுவே அமைந்தது. சில மாதங்கள்தான் நீடித்தது. 1870களில் கார்லிஸ்டுப் போர், அதாவது டான் கார்லோஸ் வழி வாரிசுக்கே அரியணை என்றவர்கள் அரசோடு நடத்திய போர். ஆயர் காய்ஷால் கார்லிஸ்டுகளின் தீவிர ஆதரவாளர். 1875 கோடையில் அரசுப் படை காஸ்தெல்சியுதாத் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தபோது ஆயரும் சிறைப்பட்டார். பிறகு ரோமில் இறந்தார். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது மறைமாவட்டத்தின் பல குருக்கள் கொல்லப்பட்டார்கள். ஆயர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது ஆயரின் லா செவு. மாடுகளின் லா செவு வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைதான் பணப்பயிர். வேரைத் தின்னும் ஃபைலோக்சரா பூச்சி வந்து கொடிகளை அழித்தது. மலைக் குடும்பங்கள் சமவெளிக்கு மூட்டை கட்டத் தொடங்கின. அப்போது பார்சலோனாவைச் சேர்ந்த குடியரசுவாதி ஜோசப் சுலுவெட்டா விவசாயிகளிடம் சொன்னது எளிமையானது: திராட்சையை விடுங்கள், இந்தத் தண்ணீருக்குப் புல் நன்றாக வரும், பால் மாடு வளர்க்கலாம். சொல்வது எளிது. பாலைத் தனியாக விற்றால் வியாபாரி வைத்ததுதான் விலை. எனவே 1915இல் காதி என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அது இயங்குகிறது.

இந்தப் பகுதியின் சீஸுக்கும் வெண்ணெய்க்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்திருக்கிறது, நம் புவிசார் குறியீடு மாதிரி. ஸ்பெயினில் வெண்ணெய்க்கு அந்தத் தகுதி பெற்ற இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று இது, இன்னொன்று சோரியா. சீஸ் பசும்பாலில் செய்தது, குறைந்தது 45 நாள் பழுக்க வேண்டும். வெட்டினால் உள்ளே சின்னச் சின்னத் துளைகள் நிறைய. தோல் ஈரமாக, பழுப்பாக, கையில் ஒட்டும். ஆயர் மட்டும் இருந்திருந்தால் இந்த ஊர் ஒரு காட்சிக்கூடமாக நின்றுபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் ஊரில் தங்கியதற்குப் பால் பெரிய காரணம்.

1982 நவம்பரில் செக்ரேயும் வலீராவும் கரை உடைத்து ஊரைச் சிதைத்தன. வெள்ளத்துக்குப் பின் கரைகளைச் சீரமைக்கும்போதுதான் ஆற்றையே விளையாட்டுக் களமாக மாற்றும் யோசனை வலுத்தது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் கேனோ சலாலம் என்ற, சீறிப் பாயும் நீரில் படகை வளைத்து ஓட்டும் போட்டி இங்கே நடந்தது. 1972க்குப் பிறகு அந்தப் போட்டி ஒலிம்பிக்குக்குத் திரும்பியதும் அப்போதுதான். செயற்கைக் கால்வாயில் வெள்ளைநுரை பாய, படகோட்டிகள் தொங்கும் கம்புகளாலான 'கதவு'களுக்கிடையே புகுந்து இறங்குகிறார்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் படகை விட்டு இறங்காமலே ஒரு நகரும் பட்டை அவர்களை மேலே ஏற்றிவிடுகிறது. தண்ணீரை மேலேற்றும் இயந்திரங்கள் ஓய்வு நேரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்யவும் பயன்படுகின்றன. பல ஒலிம்பிக் அரங்கங்கள் புல் மண்டிக் கிடக்க, இங்கே 1999, 2009, 2019 என்று உலகப் போட்டிகள் நடந்திருக்கின்றன.

இன்று ஊருக்குப் பெரிய தலைவலி அந்தப் பழைய பங்கு நாடான அண்டோராதான். ரயில் இங்கே வரவே இல்லை. ஊருக்கு மேலே ஒரு விமான நிலையம் உண்டு, 1982இல் திறந்து, இரண்டே ஆண்டில் பயணிகள் சேவை நின்று, 2010இல் மறுபடி திறந்தது. அண்டோராவுக்குச் சொந்த விமான நிலையம் இல்லாததால் அதன் பெயரிலும் அண்டோரா முன்னால் நிற்கிறது. காலையில் ஃபார்கா தெ மோல்ஸ் எல்லைச் சுங்கச் சோதனைச்சாவடியில் அண்டோராவுக்கு வேலைக்குப் போகும் லா செவுக்காரர்களின் கார்கள் வரிசை கட்டுகின்றன. அங்கே சம்பளம், இங்கே வீடு. அங்கே வாடகை ஏற ஏற, அங்கே வேலை பார்ப்பவர்கள் இங்கே வீடு தேடுகிறார்கள், இங்கேயும் வாடகை ஏறுகிறது. ஒருகாலத்தில் கப்பம் கீழே வந்தது, இப்போது ஆட்கள் மேலே போகிறார்கள்.

2025 மே மாத இறுதியில் 22 ஆண்டு ஆயராக இருந்த ஜோவான் என்ரிக் வீவெஸ் விலக, வத்திக்கான் அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஜோசப் லூயிஸ் செரானோ பொறுப்பேற்றார். உர்ஜெல் ஆயரான அதே கணத்தில் அவர் அண்டோராவின் இணை இளவரசரும் ஆனார்.

பேராலயத்திலிருந்து சில அடி நடந்தால் காரெர் மஜோர், பெரிய தெரு. வளைவுத் தாழ்வாரங்களுக்குக் கீழே கல்லில் குடைந்த தானிய அளவைகள் இருக்கின்றன, 1579ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. விவசாயி தானியத்தை அந்தக் குழியில் கொட்டுவார், விளிம்பு மட்டத்துக்கு வழிப்பார்கள், கீழே திறந்துவிட்டால் சாக்கில் விழும். யார் வாங்கினாலும் யார் விற்றாலும் அளவு ஒன்றுதான். செவ்வாயும் வெள்ளியும் இன்னும் சந்தை நாள். சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் காய்கறியும் பூச்செடியும் துணியும் பரப்பிப் பழைய தெருக்களில் கடை போடுகிறார்கள்.